சிப்பி குடித்த தண்ணீர்

உட்லண்ட்ஸ் என்றால் சென்னைக்காரருக்குத் தோசை நினைவுக்கு வரும். சிங்கப்பூர்க்காரருக்குக் குடிநுழைவுச் சாவடியும் வாகன வரிசையும். வாரக்கடைசியில் சாமான் வாங்கவும் சாப்பிடவும் ஜோகூர் பாருவுக்குக் கிளம்புகிற கூட்டம் கடற்பாலத்தின் மேல் அங்குலம் அங்குலமாக நகரும்போது, இரண்டு பக்கமும் கிடப்பது கடல் என்ற நினைப்பே பலருக்கு இருப்பதில்லை. அந்தக் கடலை நின்று பார்க்க வேண்டுமானால் உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட் பூங்காவின் படகுத்துறைக்குப் போகவேண்டும். 400 மீட்டர் நீளத் துறை. தூண்டில்காரர்களுக்கு அங்கே நேரம் காலம் கிடையாது. எதிரே ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஜோகூர் பாருவின் மாடிக்கட்டடங்கள். நீர் வற்றிய வேளையில் குனிந்து பார்த்தால் கரைச்சுவரின் கீழ்ப்பகுதி கறுத்து, சொரசொரத்து, பொருக்குத் தட்டிப்போனதுபோல் இருக்கும். அந்தப் பொருக்கு முழுக்கச் சிப்பி. நான் ஒருமுறை வழுக்காமலிருக்கச் சுவரைப் பிடித்ததில் உள்ளங்கை கத்தி பட்டதுபோல் கீறிவிட்டது. விதைக்காமல், தீவனம் போடாமல் தானாக விளைந்த பயிர். 'இதையே வளர்த்துச் சாப்பிட்டால் என்ன?' என்ற கேள்வி கையில் ரத்தம் காய்வதற்குள் எழுந்தது.

கேள்வி எளிது. பதிலைத் தேடப் போனால் கடற்பாலம், காலரா காலத்து நோய்கள், எண்ணூர், தூத்துக்குடி, பிரான்ஸ் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். சிப்பி என்றால் தமிழ் மனம் நேரே முத்துக்குத்தான் போகும். கொற்கை, மன்னார் வளைகுடா, முத்துக்குளிப்பு. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். தின்கிற சிப்பிக்கு நம் கரையோர மக்கள் வைத்திருக்கும் பெயர் ஆளி; சில ஊர்களில் ஆழி என்பார்கள். பாறையோடு சாந்து வைத்துப் பூசியதுபோல் ஒட்டிக்கொள்வது ஆளி. மலாய்க்காரர்களுக்குத் தீராம். நாரால் தன்னைக் கட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாகத் தொங்குவது பச்சைச் சிப்பி, மலாயில் கூப்பாங். மணலில் புதைந்து வாழ்வது மட்டி. இந்த வேறுபாடு பண்டித விவகாரம்போலத் தோன்றும். ஆனால் உட்லண்ட்ஸ் பக்கத்துக் கடலில் எதை வளர்க்கலாம், எதை எப்படிச் சாப்பிடலாம் என்பது கடைசியில் இதில்தான் வந்து நிற்கிறது.

சிப்பி வளர்ப்பை உலகம் ஏன் இவ்வளவு புகழ்கிறது? காரணம் சோறு. கூண்டில் வளர்க்கும் கொடுவாவுக்கும் களவாவுக்கும் தீவனம் வேண்டும். அந்தத் தீவனத்தில் மீன்தூள் இருக்கும். மீனை வளர்க்க மீனைப் பிடிக்கிறோம். சிப்பிக்கு எதுவும் போடவேண்டாம். வாயைத் திறந்து கடல்நீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்பாசியை வடிகட்டித் தின்றுவிட்டு, தெளிந்த நீரை வெளியே விடும். நன்றாக வளர்ந்த அமெரிக்க ஆளி ஒன்று தோதான சூழலில் நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை வடிகட்டும் என்பார்கள். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்த ஆளிகள் மூன்றிலிருந்து ஆறு நாளில் விரிகுடாவின் நீர் முழுவதையும் ஒருமுறை வடிகட்டியிருக்கும், மிஞ்சியிருக்கும் ஆளிகளுக்கு அதே வேலைக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆகும் என்று 1988ல் வெளியான ஒரு கணக்கு சொன்னது. அந்தக் கணக்குதான் பிறகு நியூயார்க் துறைமுகம் வரை ஆளித்திட்டுகளைத் திரும்ப உண்டாக்கும் ஆசையைப் பரப்பியது.

2022ல் உலகில் கடலிலும் குளத்திலும் வளர்க்கப்பட்ட விலங்கினங்களின் எடை, வலைபோட்டுப் பிடித்தவற்றின் எடையை முதன்முறையாக மிஞ்சியது. மொத்தத்தில் 51 விழுக்காடு வளர்ப்பு. இனி கடலுணவு என்றால் பெரும்பாலும் பண்ணையுணவுதான். அதில் தீவனம் கேட்காத சிப்பிக்கு முதல் மரியாதை கிடைப்பது நியாயமே. ஒரு திருத்தம் மட்டும் சொல்லவேண்டும். ஓடு சுண்ணாம்பால் ஆனது, ஆகவே சிப்பி கரிமத்தைப் பூட்டிவைக்கிறது என்று சில விளம்பரங்கள் பேசுகின்றன. ஓடு உருவாகும் வேதிவினை கரியமிலவாயுவை வெளியேயும் விடுகிறது. சிப்பியைப் புகழ இந்தப் பொய்க்கணக்கு தேவையில்லை. தீவனம் தின்னாது என்ற ஒன்றே போதும்.

இந்தப் புகழ்ச்சியிலேயே சிக்கலும் ஒளிந்திருக்கிறது. 190 லிட்டர் நீரை வடிகட்டுகிற உயிர் அந்த நீரில் இருப்பதையெல்லாம் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். பாசி மட்டும் உள்ளே போ, கழிவுநீர்க் கிருமி வெளியே நில் என்று சிப்பிக்குச் சொல்லத் தெரியாது. மீனின் குடலை அரிந்து எறிந்துவிட்டுச் சதையைச் சாப்பிடுகிறோம். சிப்பியைக் குடலோடு விழுங்குகிறோம். சிப்பி சாப்பிடுகிறவர் சிப்பி குடித்த தண்ணீரையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறார்.

அந்தத் தண்ணீரின் கதைக்கு வருவோம். 1920கள் வரை ஜோகூர் நீரிணை இரண்டு பக்கமும் திறந்த வாய்க்கால். ஏற்றமும் வற்றமும் அதை ஓரளவு அலசிக்கொண்டிருந்தன. 1924ல் கற்களைக் கொட்டி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளத்தில் கடற்பாலம் கட்டி முடித்தார்கள். பாலம் என்பது பேச்சுக்குத்தான். உண்மையில் அது ஓர் அணை. ஜோகூர்ப் பக்கத்தில் படகுகள் கடக்க ஒரு நீர்ப்பூட்டு இருந்தது. 1942 ஜனவரி 31ல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது அதுவும் போயிற்று. அன்றிலிருந்து நீரிணை ஒன்றல்ல, இரண்டு முட்டுச்சந்து. ஒவ்வொன்றும் உட்லண்ட்ஸில் வந்து முட்டிக்கொள்கிறது. கடற்பாலத்துக்குப் பதிலாக வளைந்த பாலம் கட்டும் மலேசியாவின் திட்டம் 2006ல் கைவிடப்பட்டது. கட்டியிருந்தால் நீர் மறுபடி ஓடியிருக்குமா என்று தூண்டில்காரர்கள் இன்னும் வாதாடுவார்கள்.

முட்டுச்சந்தில் குப்பை சேர்வது தெருவுக்கும் பொருந்தும், கடலுக்கும் பொருந்தும். இரண்டு கரையிலும் நகரம். ஆறுகள் வழியே வருகிற உரச்சத்தும் கழிவும் மெதுவாகத்தான் வெளியேறுகின்றன. வெயில் காய்ந்து, காற்று அடங்கினால் பாசி பெருகும். 2014 தொடக்கத்தில் வந்த பாசிப்பெருக்கில் 39 பண்ணைகளில் சுமார் 160 டன் மீன் செத்தது. மறு ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இன்னும் மோசம்: 77 பண்ணைகள், 500 முதல் 600 டன் வரை. சாங்கி, பாசிர் ரிஸ், புலாவ் உபின் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பலரின் இரண்டு மூன்று வருட உழைப்பு ஓரிரவில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. 2017 ஜனவரி 3ல் பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு அருகே இரண்டு சரக்குக் கப்பல்கள் மோதி, சுமார் 300 டன் எண்ணெய் கொட்டியது. அதன் கறை இந்தக் கரைப் பண்ணைகளின் வலைகளிலும் மிதவைகளிலும் படிந்தது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்ட, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு ஓடினர். நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. அந்த ஆறும் இந்த நீரிணையில்தான் விழுகிறது. எல்லைக்கோடு நீரிணையின் நடுவில் வரைபடத்தில் ஓடுகிறது. தண்ணீர் கடப்பிதழ் காட்டுவதில்லை.

இதற்கு நடுவில்தான் சிங்கப்பூரின் கடல்பண்ணைகள். 1981ல் அரசு கடல்மீன் வளர்ப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பண்ணைக்குச் சுமார் அரை ஹெக்டேர் கடல்பரப்பு. மரப்பலகையும் நெகிழிப் பீப்பாயும் சேர்த்துக் கட்டிய மிதவை, நடுவே ஒரு தகரக்கொட்டகை, காவலுக்கு இரண்டு நாய். பண்ணை என்ற சொல்லைவிட மிதக்கும் வீடு என்ற சொல் பொருத்தம். ஊரில் பழைய பேர் கேலோங் என்பதே ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையான கேலோங் என்பது கழிகளை நட்டு மீனைச் சிக்கவைக்கும் பழைய பொறி. இன்று பெயர் மட்டும் மிதவைக்கு இறங்கிவிட்டது.

மிதவையில் பச்சைச் சிப்பி வளர்ப்பதைப்போல் சோம்பேறிக்கு ஏற்ற விவசாயம் வேறில்லை என்று பண்ணைக்காரர்கள் கேலியாகச் சொல்வார்கள். மிதவையிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டால் போதும். கடலில் மிதந்துகொண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் தாமாக வந்து பிடித்துக்கொள்ளும். ஆறேழு மாதத்தில் விற்கிற அளவு. ஆனால் கயிற்றைத் தூக்கும்போதுதான் தெரியும் கேலியின் மறுபக்கம். காய்த்த கயிறு ஆள் எடைக்குக் கனக்கும். சேறும் கடற்பஞ்சும் புழுவும் குட்டி நண்டும் சேர்ந்து தொங்கும். கொத்தைப் பிய்த்து, ஓட்டைச் சுரண்டி, நாரைப் பிடுங்கி, அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும். பாதி நாள் அதிலேயே போகும். இந்தக் கடலில் பச்சைச் சிப்பியை மிதவையில் வளர்க்கும் ஆராய்ச்சியை அரசுத் துறையே 1970களில் தொடங்கிவிட்டது. ஆகவே இது புதுமோகம் அல்ல.

ஆளி அப்படி எளிதில் மசிவதில்லை. அது ஒட்டிய இடத்தை விட்டு நகராது. நல்ல வடிவம் வரவேண்டுமானால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து, தட்டிலோ வலைப்பையிலோ போட்டு, அடிக்கடி குலுக்கி, புரட்ட வேண்டும். குளிர்நாட்டு ஆளி மாவுச்சத்தைச் சேர்த்துக்கொண்டு கொழுத்துக் கிடக்கும் காலம் ஒன்றுண்டு. சுவை என்று சாப்பாட்டு ரசிகர்கள் கண்ணை மூடுவது அந்தச் சுவையைத்தான். நம் வெப்பக்கடலில் தண்ணீர் வருடம் முழுவதும் வெதுவெதுப்பாகவே இருப்பதால் ஆளி ஏறக்குறைய எப்போதும் முட்டை விடும் மும்முரத்தில் இருக்கும். உடல் பால்போல் வெளுத்து, முட்டை விட்டபின் நீர்த்துப்போகும். வேகமாக வளரும், ஆனால் தட்டில் பெருமையாக வைக்க முடியாது. நகரத்து விடுதிகளில் எலுமிச்சை பிழிந்து பரிமாறும் பச்சை ஆளி விமானத்தில் வருவதற்குக் காரணத்தில் பாதி இதுதான்.

மீதிப் பாதி பயம். அந்தப் பயத்துக்கு நல்ல வரலாறு இருக்கிறது. 1924 இறுதியில் அமெரிக்காவில் நியூயார்க், சிகாகோ முதலிய நகரங்களில் ஆளி வழியாக டைஃபாய்டு பரவி, சுமார் 1,500 பேர் படுத்தனர், 150 பேர் இறந்தனர். அதன் விளைவாக 1925ல் பிறந்ததுதான் ஆளி விளையும் கடலையே பரிசோதித்து வகைப்படுத்தும் அமெரிக்க முறை. 1988 தொடக்கத்தில் ஷாங்காயில் அரைகுறையாக வெந்த மட்டி தின்று ஏறத்தாழ மூன்று லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. சிங்கப்பூரிலேயே 1983ல் லக்சாவிலும் குவே தியாவிலும் போடுகிற ரத்தச் சிப்பியால் காமாலை பரவியது. 2003 டிசம்பரிலும் 2004 ஜனவரியிலும் வெளிநாட்டிலிருந்து வந்த அரையோட்டு ஆளியைப் பச்சையாகச் சாப்பிட்டு 305 பேர் நோரோ வைரஸால் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டனர்.

நம் ஊர்க்கதை இன்னும் கசப்பு. 1981ல் கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் மட்டி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்ந்தனர், மூவர் இறந்தனர். 1997ல் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டு ஏழு பேர் போனார்கள். இவற்றுக்குக் காரணம் கிருமி அல்ல. சில நுண்பாசிகள் உண்டாக்கும் நரம்பு நஞ்சு. அதைத் தின்ற சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் நஞ்சு சாகாது, ஏனென்றால் அதற்கு உயிரே கிடையாது.

இந்த நுட்பத்தைத் தவறவிட்டால் மொத்த விவாதமும் குழம்பிப்போகும். சிப்பியிலிருக்கும் ஆபத்து மூன்று வகை; மூன்றுக்கும் மருந்து வேறு. கழிவுநீர்ப் பாக்டீரியாவை நீக்க, அறுவடை செய்த சிப்பியைப் புற ஊதாக் கதிரால் சுத்தம் செய்த கடல்நீரில் இரண்டு நாள்போல வைத்திருப்பார்கள். பிரிட்டனில் 42 மணி நேரம் என்று கணக்கு. சிப்பி தானே நீரை இழுத்து விட்டு வயிற்றைக் கழுவிக்கொள்ளும். ஆனால் நோரோவும் காமாலை வைரஸும் இதற்கு அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. அவற்றுக்கு வேண்டியது கொதி. உட்புறம் 90 டிகிரியில் 90 விநாடி என்பது ஐரோப்பிய அளவுகோல். பாசி நஞ்சுக்கும் கன உலோகத்துக்கும் குளியலும் உதவாது, கொதியும் உதவாது. விளைகிற இடத்தைத் தொடர்ந்து பரிசோதித்து, நஞ்சு ஏறினால் அறுவடையை நிறுத்துவது ஒன்றே வழி. ஐரோப்பாவில் நூறு கிராம் சிப்பிச் சதையில் ஈ-கோலி எண்ணிக்கை 230க்குள் இருந்தால் நேரே விற்கலாம், 4,600 வரை என்றால் கழுவியபின் விற்கலாம் என்று நீர்ப்பரப்பையே தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் பிரான்சின் புகழ்பெற்ற ஆர்க்கஷோன் விரிகுடாவில் 2023 கிறிஸ்துமஸுக்கு மறுநாட்களில் நோரோ வந்து, புத்தாண்டு விருந்து நேரத்தில் ஆளி விற்பனை மூன்று வாரத்துக்கு மேல் நின்றுபோனது. பெருமழையில் கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பி வழிந்தது ஆளி வளர்த்தவர்களின் குற்றமா என்று அவர்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ஆர்க்கஷோன் என்ற பெயர் தமிழ்நாட்டுக்கு அந்நியமல்ல. சென்னை மாகாண மீன்துறையிலிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் அங்கே ஆளி வளர்க்கும் விதத்தை ஆராய்ந்து, இந்தியாவுக்கு அதில் என்ன பாடம் என்று 1910ல் அறிக்கை எழுதினார். பழவேற்காட்டு ஏரியில் ஆளி வளர்க்கும் முயற்சியும் நடந்தது. பிறகு 1970களில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் வேலையைக் கையிலெடுத்தது. வீட்டுக்கூரை ஓட்டின்மேல் சுண்ணாம்பைப் பூசி உப்பங்கழியில் அடுக்கினால் ஆளிக்குஞ்சுகள் வந்து ஒட்டும். சுண்ணாம்பு இருப்பதால் சேதமில்லாமல் பெயர்த்தெடுக்கலாம். எவ்வளவு மலிவான, எவ்வளவு நேர்த்தியான யோசனை! 1982ல் பொரிப்பகத்திலேயே குஞ்சு உண்டாக்கிவிட்டார்கள். தொழில்நுட்பம் வென்றது. ஆளியைத் தின்னத் தமிழ்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை. கேரளத்திலோ கல்லுமக்காய் என்ற பெயரில் பச்சைச் சிப்பி ஏற்கெனவே சோற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. 1990களின் நடுவிலிருந்து காசர்கோடு பக்கம் படன்ன முதலிய ஊர்களில் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து கயிற்றில் சிப்பி வளர்த்து ஒரு தொழிலையே உண்டாக்கினார்கள். விஞ்ஞானி போகாத இடத்துக்கு அடுப்பங்கரை போகும்.

அடுப்பங்கரை என்று சொன்னதால் ஒரு சொந்த ஆராய்ச்சி. சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் நண்டுக்கும் இறாலுக்கும் இருக்கும் கொண்டாட்டம் சிப்பிக்கு இல்லை. தேக்கா சந்தையில் நம்மவர்கள் வஞ்சிரத்தின் செவுளைத் திறந்து பார்ப்பார்கள், நண்டை அமுக்கிப் பார்ப்பார்கள், சிப்பிக் கூடையைத் தாண்டிப் போய்விடுவார்கள். தமிழ் முஸ்லிம்களில் ஷாஃபி மத்ஹபினர் சாப்பிடலாம், ஹனஃபி மத்ஹபினர் மீனைத் தவிர மற்றதைத் தவிர்ப்பார்கள். சீன அண்டைவீட்டார் முட்டையோடு ஆளியைப் பொரித்து 'ஓர் லுவாக்' ஆக்குகிறார்கள், மலாய்க்காரர்கள் கூப்பாங்கைச் செரை என்ற எலுமிச்சைப்புல்லும் இஞ்சியும் போட்டு வேகவைக்கிறார்கள். நான் ஈரச்சந்தையில் ஒரு கிலோ பச்சைச் சிப்பி வாங்கி, மிளகும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். கழுவும்போதே வாய் பிளந்து, தட்டினாலும் மூடாததை எறிய வேண்டும். கொதித்தபின் திறக்காததையும் எறிய வேண்டும். இந்த இரண்டு விதியும் என் அம்மாவின் சமையல் அறிவில் இல்லாதவை. குழம்பு நன்றாகவே இருந்தது. ஒரு சிப்பிக்குள் பட்டாணி அளவில் ஒரு நண்டு வெந்து கிடந்தது. அதைக் கண்டு வீட்டில் இருவர் எழுந்து போய்விட்டனர்.

இப்போது வேண்டாத விருந்தாளியைப் பற்றி. 2016ல் சிங்கப்பூரின் வடகரையில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு புது கருஞ்சிப்பியைக் கண்டார்கள். விலங்கியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. பூர்வீகம் தென்னமெரிக்கா, மத்திய அமெரிக்கா. சில ஆண்டுகளுக்குள் ஜோகூர் நீரிணையின் பண்ணைக் கயிறுகள், வலைகள், சேற்றுப்பரப்புகள் எங்கும் அது பாய் விரித்ததுபோல் படர்ந்தது. பச்சைச் சிப்பிக்கென்று தொங்கவிட்ட கயிற்றில் முதலில் இது வந்து உட்கார்ந்துகொண்டால் பண்ணைக்காரருக்குக் கூலிக்குக்கூடக் கட்டாது. இதே சிப்பி 2019ல் கொச்சிக் காயலில் பதிவானது, அஷ்டமுடியிலும் பெருகியது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மீனவர்கள் இதற்குக் காக்கா ஆழி என்று பேர் வைத்தார்கள். தரையை மூடிவிடுவதால் இறால் ஒதுங்குவதில்லை, காலை வைத்தால் அறுக்கிறது என்று முறையிட்டு, விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கப்பலின் அடியிலோ அதன் நிறைநீரிலோ ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பதே பொதுக்கருத்து. உட்லண்ட்ஸ் கரைக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் உள்ள உறவு இப்படிப்பட்டது: இரண்டும் பெரிய துறைமுகங்களின் அடிமடியில் இருக்கும் கலங்கிய உப்பங்கழிகள். காக்கா ஆழிக்கு இரண்டும் ஒன்றுதான்.

அஷ்டமுடியின் பெயர் வந்ததால் இன்னொன்றும் சொல்லவேண்டும். அங்கே மட்டி எடுக்கும் தொழிலுக்கு 2014 நவம்பரில் கடல் பராமரிப்பு மன்றத்தின் சான்றிதழ் கிடைத்தது; இந்தியாவில் அதுவே முதல். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுக்கக்கூடாது, வலைக்கண் இவ்வளவுக்குக் குறையக்கூடாது, சின்ன மட்டியை ஏற்றுமதிக்கு வாங்கக்கூடாது. எல்லாம் மீனவர்கள் ஒப்புக்கொண்ட கட்டுப்பாடுகள். நீடித்த நிலைத்தன்மை என்று இன்று விளம்பரத்தில் எழுதுகிறவர்கள் நினைவில் கொள்ளவேண்டியது, கட்டுப்பாடு எவ்வளவு சரியாக இருந்தாலும் பக்கத்துத் துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல் அதை மதிக்காது.

நீரிணையின் எதிர்க்கரையில் ஓராங் செலேத்தார் மக்கள் இருக்கிறார்கள். ஒருகாலத்தில் இரு கரையின் சதுப்புக்காடுகளிலும் படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்தவர்கள். சிங்கப்பூரின் வடகரை அவர்களுக்கு அயல்நாடாக இருந்ததில்லை. இன்று ஜோகூர் பாருவுக்கு அருகே சுங்கை தெமோன் போன்ற கிராமங்களில் கூப்பாங் வளர்த்தும் விற்றும் பிழைக்கிறார்கள். கரையைத் தூர்த்து எழும்பும் கோபுரங்கள் அவர்களுடைய சதுப்பையும் சேற்றையும் தின்றுகொண்டிருக்கின்றன. சிறுபண்ணைச் சிப்பி வளர்ப்பு என்று நாம் ஆய்வரங்கில் பேசுவதை அவர்கள் பேசாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய சிப்பி கெட்டால் நம்முடையதும் கெட்டுவிட்டது என்று பொருள். ஆனால் இரு கரைக்கும் பொதுவாக, தினமும் நீரைச் சோதித்து ஒரே பலகையில் எழுதிப்போடும் ஏற்பாடு வேண்டும் என்று நான் சொன்னால், அரசுகள் அதைவிடப் பெரிய வேலைகளில் இருக்கின்றன என்பார்கள்.

பெரிய வேலைகள் இருக்கத்தான் செய்கின்றன. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. 2030க்குள் ஊட்டத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே உற்பத்தி செய்வோம் என்று 2019ல் இலக்கு வைத்தார்கள். 2024ல் உள்ளூர்க் கடலுணவின் பங்கு 6.1 விழுக்காடு, அதற்கு முந்திய ஆண்டைவிடக் குறைவு. 2023ல் 98 ஆக இருந்த கடல்பண்ணைகள் 2024ல் 74 ஆகின. 2025 நவம்பரில் பழைய இலக்கை விட்டுவிட்டு, 2035க்குள் புரதத்தில் 30 விழுக்காடு, நார்ச்சத்தில் 20 விழுக்காடு என்று புது இலக்கு வந்தது. புரதம் என்றால் முட்டையும் கடலுணவும். எங்கள் பக்கத்துச் செனோக்கோ மீன்பிடித் துறைமுகம் 1997ல் திறந்து, 2024 மார்ச் 1ல் மூடப்பட்டது. மீன் மொத்த வியாபாரம் முழுவதும் ஜூரோங்குக்குப் போய்விட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு ரப்பர் காலணியும் ஈரமுமாக நின்றிருந்த ஒரு சந்தை இல்லாமல் போனதில் வடகரைக்குக் கடலோடு இருந்த கடைசிப் பேச்சுவார்த்தையும் குறைந்துவிட்டது.

புது இலக்கை மூடிய தொட்டிகளையும் பல மாடி மீன்பண்ணைகளையும் வைத்து எட்டப்பார்க்கிறார்கள். கடல்நீரையே நம்பாமல், உள்ளே விட்டு, வடிகட்டி, குளிரூட்டி வளர்க்கும் முறை. பாசிப்பெருக்கையும் எண்ணெயையும் பார்த்தபின் அந்த முடிவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சிப்பி அந்த வழிக்கு வராது. பாசி நிறைந்த திறந்த நீர்தான் அதன் சாப்பாடு. அதைத் தொட்டியில் அடைத்தால் நாம் பாசி வளர்த்து ஊட்டவேண்டும். தீவனமில்லாப் பண்ணை என்ற ஒரே பெருமையும் போய்விடும். சிப்பி வளர்க்க விரும்பும் நாடு தன் கடலைப் பார்த்தே ஆகவேண்டும்.

ஆகவே என் கட்சி இது. உட்லண்ட்ஸ் பக்கத்து நீரில் பச்சையாகச் சாப்பிடும் ஆளியை வளர்த்து விடுதிகளில் பெருமையடித்துக்கொள்ளும் கனவை விட்டுவிடலாம். வெப்பக்கடல், முட்டுச்சந்து, இரண்டு நகரங்கள். மூன்றும் எதிராக நிற்கின்றன. வேண்டியது பச்சைச் சிப்பி, சின்னப் பண்ணை, நன்றாக வெந்த குழம்பு, நஞ்சு பார்க்கும் விடாத பரிசோதனை. இன்னொரு பகுதியைத் தின்பதற்கென்று இல்லாமல் நீரை வடிகட்டுவதற்கென்றே தொங்கவிடலாம். அந்தக் கயிறுகளைக் காசுக்கு விற்கமுடியாது என்பதால் பண்ணைக்காரருக்கு யாராவது கூலி கொடுக்கவேண்டும். தண்ணீரைச் சுத்தம் செய்கிறவருக்கே கடல்வாடகை கேட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். இதைச் சொன்னால் சிக்கனக்காரர்கள் சிரிக்கலாம். கழிவுநீர் ஆலைக்குச் செலவழிக்கிற நகரம் கயிற்றுக்குச் செலவழிக்கக் கூடாதா?

ஓட்டை என்ன செய்வது என்பதையும் நம் ஆட்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். நகர நடுவில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1856ல் தொடங்கி இந்தியக் கைதிகள் கட்டினார்கள். 1862ல் அர்ப்பணிப்பு நடந்தது. அதன் வெள்ளைப்பூச்சு சென்னைச் சுண்ணம். சிப்பிச் சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் கருப்பட்டிபோன்ற முரட்டுச் சர்க்கரையையும் சேர்த்துப் பசையாக அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுக் குழைத்துப் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளக்க வைத்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவருக்கு அந்த வழவழப்பு தெரியும். சிப்பியை உள்ளிருந்து தின்று, ஓட்டைச் சுவரில் பூசிய ஊர் நாம்.

அன்றைய குழம்பு முடிந்தபின் ஒரு கிலோ சிப்பியின் ஓடு பாத்திரத்தில் மிஞ்சியது. சதை அதில் பாதிகூட இல்லை. பச்சை ஓரம் மினுங்கிக்கொண்டிருந்த ஓடுகளை என்ன செய்வதென்று தெரியாமல் நெகிழிப்பையில் கட்டி, வீட்டுச் சமையலறையின் குப்பைச்சரிவில் போட்டேன். பன்னிரண்டு மாடி கலகலவென்று இறங்கிய சத்தம் கேட்டது. இந்த ஊரில் குப்பை எரியுலைக்குப் போகும். எரியாதது சாம்பலோடு படகேறி, தெற்கே புலாவ் செமக்காவில் கடலைத் தூர்க்கப் போகும்.